தோடு தொலைந்த பள்ளத்தாக்கு

பிள்ளையார்பாளையத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு. தீர்த்தத்துக்கு வந்ததே இல்லை. நாலு தெரு தாண்டினால் சர்வ தீர்த்தக் குளம். அம்மன் செய்த தவத்தைச் சோதிக்க எல்லா நதிகளும் கூட்டமாகக் கிளம்பி வந்து, வந்த காரியம் நடக்காமல், திரும்பிப் போகவும் வெட்கப்பட்டு இங்கேயே குளமாகத் தங்கிவிட்டன என்பார்கள். சரி, தங்கட்டும். கங்கை வந்தாள், யமுனை வந்தாள், இமயமலையில் பிறந்த அத்தனை பெண்களும் வந்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு குடம் வெந்நீர் எடுத்து வந்திருக்கக் கூடாதா? அங்கே அது ஆற்றங்கரை ஓரமாகச் சும்மா கொதித்துக்கொண்டு கிடக்கிறது. ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஆயிரம் கோயில் ஊர் என்று பெயரெடுத்த காஞ்சிபுரத்தில் வெந்நீர் ஊற்று ஒன்றுகூட இல்லாமல் போனது இப்படித்தான்.

இந்த ஊர்த் தெய்வங்கள் நடத்துவதெல்லாம் குளிர்ச்சி வைத்தியம். ஊருக்குள் சுரகரேசுவரர் இருக்கிறார். காய்ச்சலை இறக்குவது அவர் இலாகா. சின்ன காஞ்சிபுரத்தில் அத்தி வரதர். பிரம்மா நடத்திய யாகத்தின் நெருப்பிலிருந்து தோன்றியவர், உடம்பு தகித்ததால் அனந்தசரசு குளத்துக்குள் இறங்கிப் படுத்துவிட்டார் என்பது ஐதிகம். 40 ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 1979-ல் வந்தார்; 2019-ல் வந்து 48 நாள் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். சூட்டுக்கு 40 ஆண்டு குளிர்ந்த நீரில் ஊறச் சொல்லி எந்த டாக்டரும் சீட்டு எழுதமாட்டார். எழுதினாலும் நமக்கு லீவு கிடைக்காது. கச்சபேசுவரர் கோயிலில் தலைக்கு வைத்தியம். கார்த்திகை ஞாயிறுகளில் இஷ்டசித்தி தீர்த்தத்தில் முழுகி, கடைஞாயிறன்று மாவிளக்கை மண்சட்டியில் ஏற்றித் தலையில் சுமந்து வலம் வந்தால் தலைநோய் போகும் என்று நம்பிக்கை. ஆக, காய்ச்சலுக்கு ஆள் உண்டு, தலைக்கு ஆள் உண்டு. முழங்காலுக்குத்தான் இந்த ஊரில் போஸ்டிங் போடவில்லை.

எங்கள் தெருக்களில் வலிப்பதோ முழங்கால்தான். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறவருக்கு நாற்பது வயதில் முழங்கால் முணுமுணுக்கும். ஐம்பதில் அதட்டும். அறுபதில் தறியை விட்டு எழுந்திருப்பதற்கு முன் அதனிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். கூடவே இடுப்பு. இரண்டு பேர் சேர்ந்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால் கூட உட்காரும் ஆளுக்கும் அதே கதி. புடவையைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்காருகிற பெண்ணுக்கு, அந்த ஜரிகைக் கரைக்குப் பின்னால் நாலு முழங்கால்கள் இருப்பது தெரிய நியாயமில்லை.

வெந்நீரின் அருமை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பட்டுத் தொழிலே வெந்நீரில்தான் தொடங்குகிறது. கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் இழை எடுக்கிறார்கள். நூல் இங்கே வந்ததும் பிசின் போக, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் ஒரு குளியல். பிறகு சாயத்தொட்டியில் இன்னொன்று. பட்டுப்புழுவைக் கேட்டால் வெந்நீரின் மருத்துவ குணத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம் சொல்லும். அதை யாரும் கேட்பதில்லை. பிணியணுகா விதி பாடிய தேரையர், எண்ணெய் தேய்த்துக்கொண்டால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று கட்டளையே போட்டிருக்கிறார். அவர் போட்ட கட்டளையை நிறைவேற்ற நாம் விறகு வாங்கினோம், பிறகு மண்ணெண்ணெய் வாங்கினோம், இப்போது கேஸ் சிலிண்டர் வாங்குகிறோம். இந்தச் செலவு எதுவும் இல்லாமல் பூமியே காய்ச்சிக் கொடுக்கும் இடங்கள் எப்படி உண்டாயின என்று பழைய கதைகளைப் புரட்டினால், ஒரே ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே வெந்நீர் ஊறுகிறதோ, அங்கே யாரோ எதையோ தொலைத்திருக்கிறார்கள்.

முதலில் நம் ஊர்க் கதையைப் பார்த்துவிடலாம். ஒரு நாள் கைலாயத்தில் பார்வதி பின்னாலிருந்து வந்து சிவனுடைய கண்ணைப் பொத்தினாள். புதிதாகக் கல்யாணமான வீடுகளில் நடப்பதுதான். ஆனால் இந்த மாப்பிள்ளையின் இரண்டு கண்களும் சூரியனும் சந்திரனும். உலகம் மொத்தமும் பவர்கட். விளையாட்டு விபரீதமானதற்குத் தண்டனையாக, பூலோகம் போய்த் தவம் செய் என்று அம்மனை அனுப்பிவிட்டார். அவள் வந்த இடம் காஞ்சிபுரம். மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜை செய்தாள். அதிலும் நிம்மதியில்லை, வெள்ளத்தை அனுப்பிச் சோதித்தார். மணல் கரையுமே என்று பதறி லிங்கத்தைக் கட்டிக்கொண்டாள். இறுக்கிய இறுக்கில் வளையல் தழும்பு பதிந்தது, கல்நெஞ்சுக்காரர் குழைந்தார், கல்யாணம் மறுபடி கூடியது. ஏகாம்பரநாதருக்குத் தழுவக்குழைந்தவர் என்று பெயரும் வந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கதை முழுக்க ஈரம், மணல், மாமரத்து நிழல். கோபத்தில் கொதித்தவர் யாருமில்லை. கொதிக்க வேண்டிய அம்மனும் கொதிக்கவில்லை. பிறகு எப்படி வெந்நீர் வரும்?

இனி வடக்கே போவோம். இமாசலப் பிரதேசம், குல்லு மாவட்டம். பனி உருகி ஓடிவரும் நதிக்குப் பெயரே பார்வதி. அவள் பெயரிலேயே பள்ளத்தாக்கு. அதில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்தில் மணிகரண் என்ற ஊர். கணவனும் மனைவியும் ஊர் சுற்ற வந்தார்கள், இடம் பிடித்துப்போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டார்கள் என்கிறது அந்த ஊர்க் கதை. ரூம் வாடகை இல்லாத காலம். ஒரு நாள் ஓடையில் குளித்துவிட்டுக் கரையேறிய அம்மன் காதைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு தோட்டைக் காணோங்க."

"எங்க வெச்சே?"

"காதுலதாங்க."

"காதுல வெச்சது எப்படிக் காணாமப் போகும்? நல்லா தேடிப் பாரு."

மேற்படி உரையாடல் புராணத்தில் இல்லை. ஆனால் கல்யாணமான எவரும் இதை மறுக்கமாட்டார்கள். பூதகணங்கள் தண்ணீரில் இறங்கின. சுடுகாட்டில் ஆடத் தெரிந்த பூதங்களுக்கு ஓடையில் தோடு தேடத் தெரியவில்லை. வெறுங்கையோடு வந்து வரிசையாகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றன. சிவனுக்கு வந்ததே கோபம். நெற்றிக்கண் திறந்தது, உலகம் நடுங்கியது. அந்தக் கண்ணிலிருந்து நைனா தேவி என்று ஒருத்தி தோன்றித் துப்புத் துலக்கினாள்: தோடு பாதாளத்தில் ஆதிசேஷனிடம் இருக்கிறது. ஆயிரம் தலை உள்ளவனுக்கு ஒற்றைத் தோடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தகவல் போனது, ஆதிசேஷன் பயத்திலோ எரிச்சலிலோ ஒரு சீறு சீறினான். பூமி பிளந்து கொதிநீர் பீய்ச்சியடித்தது. அதோடு அம்மனின் தோடும், தொலைந்தது ஒன்றென்றால் கிடைத்தது நூறு என்கிற மாதிரி மணிமணியாக வேறு ரத்தினங்களும் மேலே வந்து விழுந்தன.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவி கண்ணைப் பொத்தினால் அவளுக்குத் தண்டனை. அவள் தோட்டைத் தொலைத்தால் உலகத்துக்குத் தண்டனை. எந்தச் சம்பவம் முதலில் நடந்தது என்று எந்தப் புராணமும் தேதி போட்டுச் சொல்லவில்லை. மாமரத்தடிச் சம்பவம் முந்தியது, அதில் பட்ட அனுபவத்தில் கணவர் பின்னால் திருந்திவிட்டார் என்றுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் வாதாடுவார்கள். நானும் அந்தக் கட்சி.

இதில் எங்களுக்கு ஒரு தனிப்பட்ட சம்பந்தம் உண்டு. அம்மன் நகை உதிர்ந்தது மணிகரணில் மட்டும் அல்ல. எங்கள் ஊர்க் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் அரங்கேற்றிய கந்தபுராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரபத்மன் தொல்லை தாங்காமல் தேவர்கள் அழ, சிவன் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறிகளை விடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மன் அனல் தாங்காமல் எழுந்து ஓடுகிறாள். ஓடிய வேகத்தில் காற்சிலம்பு தெறித்து நவமணிகள் சிதறுகின்றன. ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு பெண் எழுந்து வர, அந்த ஒன்பது பேர் வயிற்றில் வீரபாகு முதலான நவவீரர்கள் பிறக்கிறார்கள். முருகனுக்குப் படைத்துணை தயார். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் செங்குந்தர்கள் தங்கள் வம்சத்தை இந்த நவவீரர்களிடமிருந்துதான் சொல்லிக்கொள்வார்கள். அதாவது அதே நெற்றிக்கண், அதே அனல், அதே அம்மன். காதிலிருந்து விழுந்தது இமயத்தில் வெந்நீர் ஊற்றானது. காலிலிருந்து விழுந்தது காஞ்சியில் நெசவாளர் ஆனது. வெந்நீர் தேவைப்படுகிறவர்களை நாட்டின் ஒரு கோடியிலும் வெந்நீரை மறு கோடியிலும் போட்டது மட்டும்தான் இதில் நிர்வாகக் கோளாறு.

மணிகரணுக்கே திரும்புவோம். சிவபார்வதிக்குப் பிறகு அங்கே வந்த பெரிய விருந்தாளி குரு நானக். உடன் வந்தவர் மர்தானா, ரபாப் வாசிப்பவர். ஊர் ஊராக நடக்கும் குருவுக்குப் பசி தெரியாது. பின்னால் வாத்தியம் தூக்கி நடக்கிறவருக்குத் தெரியும். மாவு இருக்கிறது, அடுப்பு மூட்ட வழியில்லை என்றார் மர்தானா. அந்தக் கல்லைத் தூக்கு என்றார் குரு. தூக்கினால் அடியில் கொதிநீர். மர்தானா ரொட்டிகளைத் தட்டி உள்ளே போட்டார். அத்தனையும் முழுகிப்போயின. இருந்த மாவும் போயிற்று என்று அந்த மனிதர் நின்ற நிலையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. வேண்டிக்கொள், ரொட்டி மேலே வந்தால் கடவுள் பேரில் ஒன்றைத் தானம் செய்வதாகச் சொல் என்றார் குரு. மர்தானா சொன்னார், வெந்த ரொட்டிகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. சிவன் தோடு தொலைந்ததற்கு உலகத்தையே நடுங்க வைத்தார். மர்தானா ரொட்டி தொலைந்ததற்கு ஒரு ரொட்டியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சுலபமான வழி, உலகத்துக்கும் பாதகமில்லை. இன்றைக்கும் அங்கே உள்ள குருத்வாராவில் லங்கர் என்ற பொதுச் சாப்பாட்டுக்குச் சோறும் பருப்பும் ஊற்றில் வேகின்றன. வருகிற யாத்ரீகர்கள் சின்னத் துணிப்பையில் அரிசியோ கொண்டைக்கடலையோ முடிந்து நூலில் தொங்கவிட்டு, வெந்ததும் எடுத்துப் பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

அடுத்தது ஒரு ராஜா. 17-ஆம் நூற்றாண்டு, குல்லுவை ஆண்ட ஜகத் சிங். பார்வதிப் பள்ளத்தாக்கில் டிப்ரி என்ற கிராமத்தில் துர்காதத் என்ற ஏழை அந்தணரிடம் படிக்கணக்கில் முத்து இருப்பதாக யாரோ அரண்மனையில் போட்டுக்கொடுத்தார்கள். அம்மன் தோடு தொலைந்த பள்ளத்தாக்கு ஆயிற்றே, குடிசைக்குக் குடிசை ரத்தினம் இருக்கும் என்று ராஜாவுக்கும் தோன்றியிருக்கும். முத்தைக் கொடு என்று ஆள் அனுப்பினார். இல்லாததை எப்படிக் கொடுப்பது? ராஜா மணிகரணுக்குப் போகிற வழியில் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்ப, கெடு நெருங்கியதும் அந்தக் குடும்பம் வீட்டுக்குத் தீ வைத்துக்கொண்டு மாண்டது. புண்ணிய ஸ்நானத்துக்குப் போகிற வழியில் ரெய்டு வைத்துக்கொண்ட ராஜாவை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அதன் பிறகு ராஜாவின் தட்டில் சோறு புழுவாகவும் குவளையில் நீர் ரத்தமாகவும் தெரிந்ததாம். குஷ்டமே வந்தது என்றும் ஒரு சாரார் சொல்வார்கள். அயோத்தியிலிருந்து ரகுநாதர் விக்கிரகத்தை வரவழைத்து, ராஜ்யத்தையே அவர் பேரில் எழுதிவைத்து, தினமும் அவர் பாதம் கழுவிய சரணாமிர்தம் குடித்த பிறகுதான் வியாதி நீங்கியது. வழியில் அந்த விக்கிரகம் மணிகரணில் சில காலம் இருந்தது. அங்கே இப்போதும் ராமர் கோயில் உண்டு. குல்லு தசரா என்று உலகமெங்கும் பேர் போன திருவிழா பிறந்ததும் இந்தப் பரிகாரத்தில்தான். கொதிநீர் ஊற்று பக்கத்திலேயே இருந்தும் ராஜாவுக்கு அது ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மூட்டுவலிக்குக் கேட்கும், மனசாட்சிக்குக் கேட்காது.

தொலைத்தவர்கள் பட்டியல் இன்னும் நீளும். மணாலிக்கு மேலே வசிஷ்ட் என்ற ஊரிலும் வெந்நீர் ஊற்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த வசிஷ்டர், வாழ வெறுத்துத் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆற்றில் விழுந்தார் என்கிறது மகாபாரதம். ஆறு கட்டுகளையெல்லாம் அவிழ்த்து அவரைக் கரையில் விட்டது. அந்த ஆறுதான் இன்றைய பியாஸ். பிற்பாடு லட்சுமணன் அங்கே வந்து, குருவின் குளியலுக்காக அம்பு விட்டு வெந்நீர் எடுத்தான் என்று ஊரார் சொல்கிறார்கள். காண்டீபம் ஏந்திய கைகளையும் கோதண்டம் ஏந்திய கைகளையும் புலவர்கள் பாடினார்கள். கீசர் போட்டுக்கொடுத்த கையை யாரும் பாடவில்லை. நம் ஆட்கள் வாழும் இடத்துக்கே வருவதென்றால் இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா. அங்கே மலைப் பள்ளத்தாக்கு இல்லை. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய் இறந்துவிட்டாள் என்று கேட்ட ராவணன், ஈமக்கடனுக்காக வாளால் ஏழு இடத்தில் குத்தினான், வெந்நீர் வந்தது என்பது அந்த மண்ணின் கதை. தமிழர்கள் அங்கே இறந்தவர்களுக்குக் கடன் கழிப்பது வழக்கம். செய்தி சொன்னதே கிழவன் வேஷம் போட்ட விஷ்ணுதான், தாய் உயிரோடுதான் இருந்தாள் என்றும் ஒரு பாடம் உண்டு. அப்படியானால் பொய்ச் செய்திக்கு ஊறிய முதல் வெந்நீர் அது. இன்று அந்தக் கிணறுகள் யாருடையவை என்று சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் இடையே தகராறு. ராவணனைச் சாட்சிக்குக் கூப்பிட வழியில்லை.

நிலவியல்காரர்களிடம் இந்தக் கதைகளைச் சொன்னால் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு படம் வரைந்து காட்டுவார்கள். இமயத்தில் மணிகரண் இருக்கும் பகுதியில் எரிமலை கிடையாது. மழையும் பனிநீரும் பாறை வெடிப்புகள் வழியாகக் கீழே கீழே இறங்குகின்றன. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். இமயம்போல் இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கும் இடங்களில் அதற்கு மேலும் போகும். சூடான நீர் இன்னொரு வெடிப்பு கிடைத்தால், ஆறுவதற்குள் விறுவிறுவென்று மேலே வந்துவிடுகிறது. மணிகரணில் சில ஊற்றுகள் 90 டிகிரியை ஒட்டி வருகின்றன. அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் அரிசி வேகத் தடையில்லை. இரண்டடி தள்ளி ஓடும் பார்வதி நதியில் கையை வைத்தால் விரல் விறைத்துப்போகும். ஆதிசேஷன் சீறினான் என்பதைவிட இந்த விளக்கம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் குழந்தைகளைத் தூங்கவைக்க உதவாது.

ரத்தினங்கள் என்ன ஆயின? 1905-ஆம் ஆண்டு வரை ஊற்றில் மணிகள் வந்துகொண்டுதான் இருந்தன என்பார்கள் அங்குள்ளவர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி காங்ரா நிலநடுக்கம் வந்தது. இருபதாயிரம் பேர் போனார்கள். அதில் வேடிக்கை பேச ஒன்றுமில்லை. ஆளுயரத்துக்கு மேல் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்த ஊற்று அதோடு அடங்கிவிட்டது என்றும், மணி வருவதும் நின்றுவிட்டது என்றும் சொல்கிறார்கள். பாறை அசைந்தால் நீர் வரும் வழி மாறும் என்பது உண்மைதான். ரத்தினத்தைப் பொறுத்தவரை, கடைசியாகப் பார்த்தவர் எப்போதுமே நமக்கு முந்திய தலைமுறைக்காரராகத்தான் இருப்பார். ஒரிஜினல் ஜரிகையைப் பற்றி எங்கள் தெருவில் பேசுவதும் இதே ரகம்.

நிலநடுக்கம் போகட்டும், விஞ்ஞானிகள் வந்தார்கள். பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க மணிகரணில் ஒரு சோதனை நிலையம் வைத்தார்கள். திறன் 5 கிலோவாட். நெற்றிக்கண்ணும் ஆதிசேஷனும் சேர்ந்து உண்டாக்கிய சூட்டில் மூன்று வீட்டு ஏ.சி. ஓடும். அந்த வெந்நீரையே வைத்துக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றையும் நடத்திப் பார்த்தார்கள். கொதிக்கிற நீரைக் கொண்டு குளிரை உண்டாக்குவது நிஜமாகவே கெட்டிக்காரத்தனமான வேலை. கொள்ளளவு ஏழரை டன். எண்ணைக் கேட்டவுடனேயே எங்கள் ஊர் ஜோசியர் வேண்டாம் என்று தடுத்திருப்பார். இரண்டுமே சோதனை என்ற கட்டத்தைத் தாண்டிப் பெரிதாகவில்லை. இதைவிடப் பெரிய சாதனை சட்லெஜ் கரையில் தத்தாபானியில் நடந்தது. அங்கே காலங்காலமாக மக்கள் குளித்துவந்த வெந்நீர் ஊற்றுகளைக் கோல் அணையின் நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிட்டது. புராணங்களில் ஒவ்வொருவரும் எதையோ தொலைத்து வெந்நீரைப் பெற்றார்கள். வெந்நீரையே தொலைத்தவர்கள் நாம்தான்.

சரி, குளித்தால் நோய் போகுமா? கொஞ்சம் போகும். சூடு பட்டால் தசை தளரும், ரத்தம் ஓடும். கழுத்தளவு நீரில் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்குச் சற்று நேரம் சம்பளத்துடன் விடுப்பு. வாத வலிக்கு இது இதமாக இருக்கும் என்பதில் வைத்தியருக்கும் டாக்டருக்கும் சண்டையில்லை. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு வளராது. மணிகரணில் கொதிநீரில் நேரே இறங்க முடியாது. ஆற்று நீர் கலந்து ஆறவைத்த தொட்டிகள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. இதயக்கோளாறு உள்ளவர் நெடுநேரம் ஊறக் கூடாது. சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனவர் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சுட்டதே தெரியாமல் தோல் வெந்துவிடும். எந்த ஸ்தல புராணத்திலும் இந்த எச்சரிக்கை இல்லை. அங்கே குளிக்கிறவர்கள் எல்லாரும் தேவர்கள். தேவர்களுக்குச் சர்க்கரை ஏறாது, அமுதம் குடித்தும்கூட.

நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போய்ச் சேருகிற வெந்நீர் மணிகரண் அல்ல, பத்ரிநாத். அலகநந்தா பள்ளத்தாக்கில், 3,133 மீட்டர் உயரத்தில். 108 திவ்ய தேசத்தில் ஒன்று என்பதால் காஞ்சிபுரத்திலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள். அங்கே கோயிலுக்குக் கீழே தப்த குண்டம். வெளியே குளிரில் பல் கிட்டும். குண்டத்தில் ஆவி பறக்கும். முழுகிவிட்டுத்தான் பெருமாளைச் சேவிக்க வேண்டும். அந்தச் சூட்டுக்குக் காரணம் அக்னி பகவான். எதையும் விடாமல் தின்கிறவனாகக் கடவது என்று பிருகு முனிவர் சபித்ததில் பெயர் கெட்டுப்போன அக்னி, பாவம் தீரப் பத்ரிக்கு வந்து தண்ணீருக்குள் குடியிருக்கிறார். அவர் தொலைத்தது நல்ல பெயர். ஆக, காஞ்சியில் நெருப்பில் பிறந்த பெருமாள் சூடு தணியத் தண்ணீருக்குள் படுத்திருக்கிறார். பத்ரியில் நெருப்பே தண்ணீருக்குள் உட்கார்ந்து பெருமாளின் பக்தர்களுக்குக் குளியல் போட்டுக்கொடுக்கிறது. இருவரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் பிள்ளையார்பாளையத்து முழங்கால்கள் பிழைத்திருக்கும்.

பத்ரியைப் பாடிய திருமங்கையாழ்வார் ஒரு காரியம் செய்திருக்கிறார். வதரியை, அதாவது பத்ரியை, வணங்கு என்று சொல்வதற்கு முன்னால் கிழத்தன்மையின் அடையாளங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். கோல் ஊன்றி, கூன் விழுந்து, இருமி, தள்ளாடி, இளம்பெண்கள் கேலி செய்யும் நிலை வருவதற்கு முன்பே போய்விடு என்கிறார். குதிரை ஏறி வழிப்பறி செய்தவர் என்று கதை உள்ள மனிதர். மலைப்பாதையில் முழங்காலின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருக்கும். நாம் அவர் சொன்னதை அப்படியே தலைகீழாகப் பின்பற்றுகிறோம். இளமையில் தறி. பிறகு மகள் கல்யாணம். பிறகு அந்தக் கல்யாணக் கடன். கோல், கூன், இருமல் மூன்றும் முறையாக வந்து சேர்ந்தபின், டூரிஸ்ட் வேனில் முன் சீட் பிடித்து, தைலப் பாட்டிலும் புளிசாதமுமாகப் புறப்படுகிறோம்.

இத்தனை தூரம் போய் இறங்கும் கூட்டத்தில், எங்கள் தெருச் சாயக்காரர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டு படியில் காலை வைத்து, சுடுகிறதே என்று பின்வாங்குவார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக் குனிவார். பல வருஷம் தொட்டியில் விட்டுப் பழகிய விரலை நீருக்குள் விட்டு, ஒரு நிமிஷம் வைத்திருந்து எடுப்பார். பக்கத்தில் நிற்கும் மருமகனிடம் சொல்வார்:

"பரவால்லப்பா, சூடு கரெக்டா இருக்குது. அரக்குக் கலரு போடலாம். வேன்ல நூலு ஏதாச்சும் கெடக்குதா பாரு."